ஒரு செட்டுக்குப் பாதித் தலை

ஒருவர் தலையிலிருந்து ஒரு முடி உதிர்ந்தால் அவர் வழுக்கையாகிவிடுவதில்லை. மறுநாள் இன்னொன்று உதிர்ந்தாலும் இல்லை. ஒரு முடிதானே போயிற்று என்று தினமும் சொல்லிக்கொள்ளலாம். எந்த நாளும் அது பொய்யாக இருக்காது. ஆனால் ஏதோ ஒரு காலையில் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்க்கிறது. அப்படியானால், எந்த முடி போனபோது அவர் வழுக்கையானார்?

யோசிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்தக் கேள்வியால் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் கொஞ்சம் முடி போயிருக்கும். எண்ணக்காவுக்கு மட்டும் இதில் குழப்பம் இருந்ததில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனி எப்போதோ விடை கண்டுபிடித்து சோதனை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தது: அறுபது. உச்சந்தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அறுபது முடிக்குக் கீழே இருந்தால் வாடிக்கையாளர். மேலே இருந்தால் வருங்கால வாடிக்கையாளர்.

எண்ணக்கா என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. முடி வளர்க்கும் லோஷன் தயாரிக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடம் அடுத்தவர் தலையில் முடி எண்ணியதால் வந்த பெயர். வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் எண்ணக்காதான். முதலாளி அவரைவிடப் பத்து வயது மூத்தவர் என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

வேலைக்கு ஆள் எடுத்த நாளில் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பல் துலக்கும் பிரஷைக் கொடுத்து, இதில் எத்தனை நார் இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் ஒரு கொத்தை எண்ணி, கொத்துகளின் எண்ணிக்கையால் பெருக்கி, ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அப்போது இருபத்தைந்து வயதாகியிருந்த எண்ணக்கா ஊக்கு ஒன்றைக் கையில் எடுத்து, ஒவ்வொரு நாராக ஒதுக்கி எண்ணினார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்ப் பரீட்சை வைத்தவரிடம் கேட்டார்:

"ஒரு நார் பாதியில உடைஞ்சிருக்கு சார். அதை எண்ணணுமா, வேணாமா?"

அவருக்கு வேலை கிடைத்தது. உடைந்த நாரை எண்ண வேண்டுமா என்பதற்கு மட்டும் கடைசிவரை யாரும் பதில் சொல்லவில்லை.

வேலை இப்படி நடக்கும். சோதனைக்குச் சம்மதித்தவர் நாற்காலியில் உட்கார்ந்து தாடையை ஒரு தாங்கியில் வைப்பார். உச்சந்தலையில் கடுகு அளவில் பச்சை குத்திய ஒரு புள்ளி இருக்கும்; அடுத்த முறையும் அதே இடத்தைக் கண்டுபிடிக்க அதுதான் அடையாளம். சதுரத் துளை போட்ட பிளாஸ்டிக் தகட்டை அந்தப் புள்ளியில் பொருத்தி, துளைக்குள் தெரியும் முடியைக் குட்டையாகக் கத்தரித்து, கேமராவால் பெரிதாகப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தில்தான் எண்ண வேண்டும். தடித்த முடிக்குச் சிவப்புப் பேனாவால் புள்ளி, பூனை மயிருக்கு நீலப் புள்ளி. சிவப்பு மட்டும்தான் கணக்கில் சேரும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை. மூன்றில் நடுவில் வரும் எண்ணை எழுத வேண்டும். தலைகளுக்குப் பெயர் கிடையாது. தலை ஒன்பது, தலை பதினேழு, அவ்வளவுதான். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் எண்ணக்காவுக்கு முகம் பிடிபடாது. அவர்கள் குனிந்து செருப்பை மாட்டினால் போதும், "அட, நீங்களா!" என்பார்.

முதல் இருபது வருடத்தில் லோஷன் ஒன்றுதான். மாறியதெல்லாம் மூடி. பச்சை மூடி தங்க மூடியாயிற்று, தங்கம் வெள்ளையாயிற்று. ஒரு வருடம் வாசனையை மாற்றினார்கள். ஒரு வருடம் பாட்டிலின் மேல் ஓர் இலையின் படம் வந்தது. உள்ளே இலை எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் எண்ணக்கா எண்ணுவார். ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பதாகியிருக்கும். சில தலைகளில் ஐம்பத்தேழாகியிருக்கும். "உதிர்வைத் தடுத்து நிறுத்துகிறது" என்று விளம்பரம் வரும். ஐம்பத்தெட்டு ஐம்பத்தேழிலேயே நின்றதும் நிறுத்தம்தானே என்பார் விற்பனை மேனேஜர். தடவுவதை விட்டால் அந்த ஒரு முடியும் போய்விடும் என்பதுதான் லோஷனின் மிகப் பெரிய குணம். ஆகவே யாரும் விடுவதில்லை.

கம்பெனியின் முகம் முதலாளிதான். எல்லா பாட்டிலிலும் அவர் படம். அடர்ந்து, வாரி, ஒரு மயிரிழை பிசகாத தலை. அது விக் என்பது கம்பெனியில் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியும் என்று யாரும் காட்டிக்கொள்வதில்லை. காற்றடிக்கும் நாட்களில் அவர் காரை விட்டு இறங்க மாட்டார். டிரைவர் வண்டியை வாசற்படி வரை ஏற்றிவிடுவார்.

இன்னொரு ரகசியம் எண்ணக்காவுடையது. நாற்பது வயதிலிருந்து அவர் வகிடு அகலமாகிக்கொண்டே வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, வீட்டில் தன் தலையில் தானே தகட்டை வைத்துக்கொள்வார். கணவர் படம் எடுப்பார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தைந்து வயதிலும் சீப்பு உடையும் அளவுக்கு முடி. குளித்தால் துவட்டக்கூட மாட்டார்.

"கூந்தல் உள்ளவ அள்ளி முடியறான்னு சொல்வாங்க. நீங்க அள்ளக்கூட மாட்டேங்கறீங்க" என்பார் எண்ணக்கா.

"நீ வேணும்னா பாதி எடுத்துக்கோயேன். எனக்கு எதுக்கு இவ்வளவு?"

தொண்ணூற்றாறு, எண்பத்தொன்பது, எண்பத்துநான்கு. ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கங்களில் அந்த எண்கள் படியிறங்கிக்கொண்டிருந்தன. ஊழியர்களுக்கு லோஷன் இலவசம். அவர் ஒரு பாட்டில்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. மற்றவர்கள் பாட்டிலைப் படித்தார்கள். அவர் தலையைப் படித்தவர்.

இந்த நிலையில்தான் கெமிஸ்ட் வந்தார். பின்கட்டில் பழைய மூடிகள் அடைந்து கிடந்த அறையை அவருக்குக் கொடுத்தார்கள். தோள் வரை முடி வளர்த்திருந்த ஒல்லி மனிதர். இரண்டு வருடம் யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பெரிய கம்பெனி என்றால் ஆராய்ச்சி என்று ஒன்று இருக்க வேண்டும், பார்வையாளர் வந்தால் காட்ட வேண்டும், அதற்காக அவர் இருந்தார். அவரும் தன் பாட்டுக்குக் கலக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றாவது கலவையைக் கலக்கியபோது சோதனைக்கு ஆள் கேட்டார். மேலே இருப்பவர்கள் வேறு வேலையில் இருந்ததால் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

சோதனையின் விதி புதுமாதிரி. தலையில் நடுக்கோடு போட்டு, ஒரு பக்கம் கலவை, மறுபக்கம் அதே நிறமும் வாசனையும் உள்ள வெறும் தண்ணீர். மாதம் ஒரு பாட்டில், நான்கு மாதம், நான்கு பாட்டில் கொண்டது ஒரு செட். ஒரு செட் ஒரு பாதித் தலைக்கு. எந்தப் பக்கம் எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். தடவுகிறவருக்கும் தெரியாது, எண்ணுகிறவருக்கும் தெரியாது. ஒரே தலை, ஒரே வெயில், ஒரே சோப்பு; அப்போதுதான் ஒப்பிட முடியும் என்றார் கெமிஸ்ட். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். மூன்று பேர் சோம்பலில் நின்றுவிட, ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.

அவர்களில் ஒருவர் பழைய சோதனையிலிருந்தே தலை பதினேழு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். எல்லோருக்கும் டிரைவிங் மாஸ்டர். அவருடைய தலையில் தொடங்கும்போது இரு பக்கமும் முப்பத்தொன்று. மூன்றாம் மாதம் எண்ணக்கா இடப்பக்கத்துப் படத்தை எண்ணிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். நூற்றுப் பன்னிரண்டு. மதியம் எண்ணினார். நூற்றுப் பதினொன்று. மறுநாள் நூற்றுப் பன்னிரண்டு. வலப்பக்கம் அதே முப்பத்தொன்று.

விற்பனை மேனேஜர் இறங்கி வந்தார். "அக்கா, கண்ணாடி பவர் மாத்திப் பாருங்க. இல்லேன்னா யார் படத்தையோ மாத்தி எண்ணிட்டீங்க."

"பச்சைப் புள்ளி அவரோடதுதாங்க."

"இந்த இடத்துல இவ்வளவு எப்படிங்க வரும்?"

"அதைத் தலைகிட்டதான் கேக்கணும். நான் எண்ணினது மட்டும்தான்."

ஒன்பது தலையிலும் அப்படியே. நான்கு மாதம் முடிந்து, தடவுவதை நிறுத்தி, ஆறு மாதம் காத்திருந்து மறுபடி எண்ணினார்கள். வந்த முடி போகவில்லை. ஒன்றுகூட. கெமிஸ்ட் உறையைப் பிரித்தார். முடி வந்த பக்கமெல்லாம் கலவைப் பக்கம். அவர் அன்று மதியம் எண்ணக்காவின் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளியின் அறையில் கூட்டம் நடந்தது. எண்களைப் படிக்க எண்ணக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் படித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேட்டவர்கள் மாதிரி இருந்தார்கள்.

விற்பனை மேனேஜர்தான் முதலில் பேசினார். "நாலு பாட்டிலோட முடி வந்துடும். நிறுத்தினாலும் போகாது. சரி. அஞ்சாவது பாட்டிலை யார் வாங்குவா?"

"ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து எட்டு பாட்டில்" என்றார் கெமிஸ்ட்.

"சரிய்யா, ஒன்பதாவது பாட்டிலை யார் வாங்குவா?"

"உலகத்துல வழுக்கைக்கா பஞ்சம்? புதுசு புதுசா வந்துட்டே இருப்பாங்களே, சார்."

"வருவாங்க. வந்து, வாங்கி, போயிடுவாங்க. இப்ப இருக்கறவங்க வந்தா போறதில்லை." மேனேஜர் பொறுமையாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. குழந்தைக்குப் புரிய வைப்பதுபோலத்தான் சொன்னார். "சட்டியை ஒரு தடவை விக்கலாம். அடுப்புக்கு விறகைத் தினம் விக்கலாம். நாம விறகுக் கடைங்க."

முதலாளி தலையைத் தொட வந்த கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார். "வேண்டாம்" என்றார். கலவை நாற்பத்தொன்றின் குறிப்பு இரும்பு அலமாரிக்குள் போயிற்று. கெமிஸ்டை வாசனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வருடம் நீல மூடி வந்தது.

"மயிரைக் கட்டி மலையை இழுத்துப் பார்த்தேன், அக்கா" என்றார் கெமிஸ்ட், தன் மூக்குக்குள் மல்லிகை வாசனையோடு. "வந்தா மலை, போனா மயிருன்னு. மலை வந்துடுச்சு. வைக்க இடமில்லைன்னுட்டாங்க."

மிச்சமிருந்த பாட்டில்களைக் கழுவு தொட்டியில் கொட்டினார்கள். கம்பெனி விதிப்படி, எந்தப் பொருளை அழித்தாலும் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து எண்ணக்காவுடையது. அதே விதிப்படி எந்தச் சோதனையிலும் ஒரு செட்டை மாதிரிக்கு எடுத்து இரண்டு வருடம் பூட்டி வைக்க வேண்டும். அந்த அலமாரியின் சாவியும் எண்ணக்காவுடையது. ஆக, உலகத்தில் நான்கே பாட்டில். ஒரு பாதித் தலைக்கு.

அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். வகிட்டில் எழுபத்தெட்டு வந்திருந்தது. காலையில் அலமாரியைத் திறந்து, நான்கும் இருக்கிறதா என்று எண்ணி, பூட்டுவார். நான்கை எண்ண அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

முதலில் வந்தவர் டிரைவிங் மாஸ்டர். தொப்பியோடு வந்து, கதவைச் சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றினார். இடப்பக்கம் கறுகறுவென்று அலை அலையாக முடி. நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பளிங்குத் தரை.

"அக்கா, பாதியோட விட்டுட்டீங்களே, இது நியாயமா?"

எண்ணக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிரிச்சுடுங்க. அடக்கினா உடம்புக்காகாது. நான் இடப்பக்க சீட்ல உக்காந்து சொல்லிக் குடுக்கறவன். வண்டி பழகறவங்களுக்கு என் வழுக்கை மட்டும்தான் தெரியும். நடைபாதையில போறவங்களுக்கு முடி மட்டும்தான் தெரியும். பள்ளியில ரெண்டு மாஸ்டர் இருக்காங்கன்னு பேச்சு. போன வாரம் ஒரு அம்மா போன் பண்ணி, அந்த முடி இருக்கற மாஸ்டர்தான் வேணும்னு கேக்கறாங்க."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"இந்தப் பக்கம் நின்னா கல்யாண மாப்பிள்ளையாம், அந்தப் பக்கம் நின்னா என் மாமனாராம். டீ குடுக்கறப்பகூட எந்தப் பக்கம் வர்றதுன்னு யோசிக்கறா."

"கம்பெனியில எழுதிக் கேட்டீங்களா?"

அவர் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். சோதனைக்குச் சம்மதித்தபோது கையெழுத்திட்ட தாளில் ஒன்பதாம் விதி இருந்தது: சோதனை முடியும்போது பங்கேற்றவரின் தலை இரு பக்கமும் சமமாக இருப்பதைக் கம்பெனி உறுதி செய்யும். அதைச் சுட்டிக்காட்டி அவர் எழுதியிருந்தார். கம்பெனி வக்கீல் விதியை மதித்து உடனே பதில் அனுப்பியிருந்தார். பெட்டிக்குள் ஒரு சவர ரேசர் இருந்தது.

"சமமாக்கிக்கச் சொல்றாங்க" என்றார் மாஸ்டர். இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. "பதினெட்டு வருஷம் இல்லாம இருந்தேன்க்கா. இல்லாதது பழகிடும். பாதி வந்துட்டுதான் தாங்கலை."

எண்ணக்கா அலமாரியைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்தார். "சாவிதான் என்கிட்ட இருக்கு மாஸ்டர். பொருள் என்னோடது இல்லை."

மாஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். ரேசரை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவதாக வந்தவர் முதலாளி. மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கீழே போயிருந்தபோது வந்தார். இருபத்து மூன்று வருடத்தில் அவர் சோதனை அறைக்குள் வந்தது அதுதான் முதல் முறை. நாற்காலியைச் சுற்றி வந்தார், தாடைத் தாங்கியைத் தொட்டுப் பார்த்தார், அதில் உட்கார்ந்தார். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்து, சட்டி மூடியைத் திறப்பதுபோல மெதுவாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, எண்ணு."

எண்ணக்காவுக்கு இது இரண்டு நிமிட வேலை. "பதினாலு சார். ரெண்டு பக்கமும் சேர்த்து."

"அந்தச் செட்டை எனக்குக் குடு."

"நீங்கதானே சார் வேண்டாம்னு சொன்னீங்க?"

"கம்பெனிக்கு வேண்டாம்னு சொன்னேன். எனக்கு வேண்டாம்னு சொன்னேனா?"

எண்ணக்காவின் கை இடுப்புச் சாவிக்குப் போயிற்று. இல்லை என்று சொல்ல முடியாது, அலமாரியே அவருடையது. தன் வகிடு கையை விட்டுப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மாஸ்டரின் பளிங்குத் தரையும் போகிறது. மேஜைமேல் அந்த ரேசர் பெட்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"எந்தப் பக்கத்துக்கு சார்?"

"என்னது?"

"ஒரு செட்டுக்குப் பாதித் தலைதான். பரப்பித் தேய்ச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணும் வராது. கெமிஸ்ட் சார் அப்பவே சொல்லிட்டாரு."

முதலாளி யோசித்தார். வியாபாரிக்குப் பாதி என்பது நஷ்டமாகத் தோன்றாது, தவணையாகத் தோன்றும். "இடது. மீதிக்கு அப்புறம் பார்த்துக்கலாம். மேலேதான் இது இருக்கே" என்று மடியைத் தட்டினார்.

அப்படியாக மாதாமாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எண்ணக்கா முதலாளியின் இடப்பக்கத் தலையில் தடவினார். மூன்றாம் மாதம் முடி வந்தது. நான்காம் மாதம் விக் தலையில் உட்காராமல் போயிற்று. வழுக்கையில் ஒட்டவென்று செய்த பசை முடியில் ஒட்டவில்லை. இடப்பக்கம் எழும்பி, வலப்பக்கம் இறங்கி, முதலாளி எப்போதும் எதையோ எட்டிப் பார்ப்பவர் மாதிரி இருந்தார். ஊழியர்கள் அவரோடு பேசும்போது தங்களை அறியாமல் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். கம்பெனி ஆண்டுவிழாவுக்கு ஆறு மாதம் இருந்தது.

"எடுத்துடலாம் சார்" என்று எண்ணக்கா ரேசர் பெட்டியை நீட்டினார். "ஒன்பதாம் விதி."

"எடுக்கறதாவது! முப்பது வருஷம் கழிச்சு வந்திருக்கும்மா." அவர் விரல்கள் இடப்பக்கத்தில் நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. சட்டைப் பையிலிருந்து ஒரு புதுச் சீப்பை எடுத்தார். எந்தத் திசையில் வாருவது என்று கைக்கு மறந்துபோயிருந்தது. எண்ணக்கா அன்று சிரிக்கவில்லை.

கெமிஸ்டை வாசனைப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு செட் மட்டும், யாருக்கும் தெரியாமல், என்றார் முதலாளி. கெமிஸ்ட் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கலக்குற டிரம்முல நாற்பது லிட்டருக்குக் குறைஞ்சா துடுப்பு எட்டாது சார்."

"நாலு பாட்டிலுக்கு நாற்பது லிட்டரா?"

"துடுப்புக்குத் தெரியாதே சார், யாருக்குன்னு."

நானூறு பாட்டில் வந்தது. நான்கை எடுத்துக்கொண்டு மீதியை அழிக்கச் சொல்லிவிட்டு முதலாளி சீப்போடு மாடிக்குப் போனார். சாட்சிக் கையெழுத்து எண்ணக்காவுடையது.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அழிப்புப் பதிவேட்டில் முத்து முத்தாக எழுதினார். முதலாளிக்கு நான்கு. ஒன்பதாம் விதிப்படி ஒன்பது தலைகளைச் சமன் செய்ய முப்பத்தாறு. எண்ணுபவருக்கு எட்டு. கொட்டியது முந்நூற்று ஐம்பத்திரண்டு. கெமிஸ்ட் ஒவ்வொன்றாகக் கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எண்ணக்கா திருப்பிக்கொள்ளாமல் எண்ணினார். அந்தப் பக்கத்தில் முதலாளியும் கையெழுத்துப் போட்டார். மேனேஜரும் போட்டார். அந்தக் கம்பெனியில் எண்களைப் படிக்கிறவர் ஒருவர்தான் இருந்தார், எழுதியவரும் அவரே.

டிரைவிங் மாஸ்டருக்கு வலப்பக்கம் வந்தது. தொப்பியைக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டார். ஆண்டுவிழாவில் முதலாளி மேடையேறினார். முப்பது வருடத்தில் முதல் முறையாகத் திறந்த மைதானத்தில், காற்றில், சொந்த முடியோடு நின்றார். முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னது எண்ணக்காவுக்குக் கேட்டது: "பழைய விக்கே தேவலை. இது பார்த்தாலே விக்குன்னு தெரியுது." நீல மூடி பாட்டிலை உயர்த்திப் பிடித்து, எல்லாம் இதன் அருள் என்றார் முதலாளி. நீல மூடிக்கு அந்த வருடம் நல்ல விற்பனை. கலவை நாற்பத்தொன்று இரும்பு அலமாரியிலேயே இருந்தது.

இனி எட்டு பாட்டில் கதை. எண்ணக்கா இரண்டு செட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். கணவரைக் கூப்பிட்டு, ஒரு செட்டைச் சிவப்புச் சீட்டு ஒட்டிய பாட்டில்களிலோ பச்சைச் சீட்டு ஒட்டியதிலோ ஊற்றச் சொன்னார். மற்ற நிறத்தில் அதே நிறமும் வாசனையும் கலந்த தண்ணீர். எதில் எது என்று தன்னிடம் சொல்லக் கூடாது. சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம்.

"எட்டு பாட்டில் இருக்கே. ரெண்டு பக்கமும் போட்டுக்க வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"எண்ண வேணாமா?"

"சரிதான். மத்தவங்களுக்கு முடி வேணும், உனக்கு எண்ணிக்கை வேணும்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். நான்கு மாதமும் வாயைத் திறக்கவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்லிப் பழகிய மனிதர். காத்திருக்க வைக்கத் தெரியும். நான்காம் மாதம் இடப்பக்கம் நூற்று முப்பத்தெட்டு. வலப்பக்கம் எழுபத்தொன்று. "சிவப்புதான்" என்றார் கணவர், பரிசுச் சீட்டு விழுந்தவர்போல.

இனி மீதி நான்கு பாட்டிலையும் எடுத்து வலப்பக்கம் தடவுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவை கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. ஒரு மாதம் போயிற்று, ஒரு வருடம் போயிற்று. எண்ணக்கா வகிட்டை வலப்பக்கம் தள்ளி எடுத்துச் சீவிக்கொண்டார். நாத்தனார் கேட்டாள்: "ஏன் அண்ணி, அந்தப் பக்கத்துக்கு என்ன வஞ்சனை?" அவர் சாப்பிட்டியா என்று கேட்டார். டிரைவிங் மாஸ்டர் கேட்டார். அவருக்கும் டீதான் கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் சதுரத் தகட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். முதல் ஞாயிறுகளில் இரு பக்கமும் எண்ணுவது நிற்கவில்லை. இடது நூற்று முப்பத்தெட்டு, நூற்று முப்பத்தெட்டு, நூற்று முப்பத்தெட்டு. வலது அறுபத்தொன்பது, அறுபத்தாறு, அறுபத்துமூன்று.

பாட்டிலில் அச்சிட்ட தேதி ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. அன்று காலை எண்ணக்கா நான்கையும் சமையலறைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். கணவரைக் கூப்பிட்டார். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நுரையோடு வந்து நின்றார். எண்ணக்கா மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை விழ விட்டார். தண்ணீரைத் திறந்து தொட்டியைக் கழுவினார். டைரியை விரித்து எழுதினார்: அழித்தது நான்கு. வலப்பக்கம், ஒப்பிட.

"என்னம்மா இது?" என்றார் கணவர். "இதுக்கா ரெண்டு வருஷம் வெச்சிருந்தே? எதுக்கு இப்படிப் பண்ணே?"

எண்ணக்கா பேனாவை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.